அப்பாயியின் கட்டைவிரலும் என் ஓடிபியும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, பேசியதைக் கொஞ்சம் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இந்த எபிசோடை சென்னை ரூம்ல இல்லாம, சீர்காழியில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பொங்கலுக்கு வந்தவன், நாலு நாள் ஒர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு இங்கேயே தங்கிட்டேன். சம்பா அறுவடை நேரம். நடுவுல அறுவடை மிஷின் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. எடிட்ல எடுத்துப் பார்த்தேன், என் குரலும் சேர்ந்து போயிடுது.

போன வருஷம் ஆடி மாசம் எங்க அப்பாயி அக்கவுண்ட்ல இருந்து 28,500 ரூபாய் திருடு போச்சு. அதைப் பத்தி அப்பவே எபிசோடு பண்ணலாம்னு இருந்தேன். நல்ல வேளை, பண்ணல. அப்ப பண்ணியிருந்தா "ஹீரோ பேரன் அப்பாயியைக் காப்பாத்தின கதை"யா வந்திருக்கும். அதுக்கு அப்புறம் நடந்ததுதான் இன்னிக்கு நான் பேச நினைக்கிற விஷயம். திருட்டுல இருந்து ஒருத்தரைக் காப்பாத்துறேன்னு கிளம்பி, அவங்ககிட்ட இருந்து வேற ஒண்ணை நான் எடுத்துட்டேன்.

முதல்ல திருட்டு. அப்பாயி சீர்காழியில இருந்து திருமுல்லைவாசல் போற ரோட்டுல ஒரு கிராமத்துல தனியா இருக்காங்க. அறுபத்தொன்பது வயசு. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய், நூறு நாள் வேலைக் கூலி, அப்பப்ப நான் அனுப்புறது, எல்லாம் ஒரே அக்கவுண்ட்லதான். பணம் எடுக்க டவுனுக்கு வர மாட்டாங்க. தெருமுனைக் கடையில ஒரு கையடக்க மிஷின் இருக்கு. ஊர்ல அதுக்குப் பேர் மினி ஏடிஎம். ஆதார் நம்பரைச் சொல்லி, கட்டைவிரலை வெச்சா பணம் வரும். அப்படி ஒரு நாள் போனப்பதான், கடைக்கார அண்ணன் சீட்டைப் பார்த்துட்டு, "ஆயா, உங்க கணக்குல 640 ரூபாதான் இருக்கு"ன்னு சொல்லியிருக்கார்.

மூணு தடவையா எடுத்திருந்தாங்க. 10,000, 10,000, 8,500. நமக்குத் தெரிய வந்தப்ப பதினோரு நாள் ஆகிடுச்சு. ஏன்னா பேங்க்ல கொடுத்திருந்த மொபைல் நம்பர் எங்க தாத்தாவோடது. தாத்தா இறந்து மூணு வருஷம் ஆச்சு, ரீசார்ஜ் பண்ணாம சிம்மும் செத்துப் போச்சு. எஸ்எம்எஸ் எல்லாம் ஆளில்லாத வீட்டுக்குப் போய் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கு.

1930-க்கு போன் பண்ணோம். சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் போட்டோம். பேங்க்ல போய் நின்னா, "உங்க அப்பாயியோட ரேகை வெச்சுதானே எடுத்திருக்கு"ன்னு சொன்னாங்க. இது எந்த பேங்க்னு சொல்லப் போறதில்ல, எந்த பேங்க்லயும் இதே பதில் வரலாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில போட்ட ஒரு சுற்றறிக்கை இருக்கு. நம்ம தப்பும் இல்ல, பேங்க் தப்பும் இல்ல, மூணாவது ஆள் பண்ண மோசடின்னா, தகவல் நமக்கு வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு நஷ்டம் கிடையாது. எங்களுக்குத்தான் தகவலே வரலையே. அதை வெச்சு எழுதி, எழுதி, கடைசியில கார்த்திகையில பணம் திரும்ப வந்தது.

இதுல என்னை ரொம்பக் கடுப்பேத்துன விஷயம் ஒண்ணு இருக்கு. அப்பாயி சின்ன வயசுல இருந்து நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்புன்னு சேத்துலயும் அரிவாள்லயும் கிடந்த கை. ரேகை தேஞ்சு போச்சு. ரேஷன் கடையில நாலு தடவை வெச்சாதான் ஒரு தடவை விழும். ஆனா எங்கேயோ இருந்த திருடன் வெச்ச போலி விரல் முதல் தடவையே விழுந்திருக்கு!

அந்தப் போலி விரல் எப்படி வருது? மினி ஏடிஎம்ல ஓடுறது ஏஇபிஎஸ்னு ஒரு முறை. ஆதார் நம்பர், எந்த பேங்க்னு ஒரு விவரம், ரேகை, இந்த மூணு போதும். ஓடிபி கிடையாது, பின் நம்பர் கிடையாது. ஆதாரை பேங்க் கணக்கோட இணைச்சிருந்தா, பெரும்பாலும் நீங்க கேட்காமலேயே இந்த வசதி திறந்துதான் இருக்கும். இதைக் குறை சொல்லிட்டுப் போக மாட்டேன். பஸ் ஏறி டவுனுக்கு வந்து பேங்க்ல அரை நாள் நிக்க முடியாத எங்க அப்பாயி மாதிரி லட்சக்கணக்கான பேருக்கு அது நிஜமான உதவி. பிரச்சினை வேற இடத்துல இருக்கு. பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். கட்டைவிரலை எங்க போய் மாத்துறது? அதுவும், நாம தொடுற டம்ளர்ல இருந்து கையெழுத்துக்குப் பதிலா வைக்கிற பத்திரம் வரைக்கும் அதை நாமளே விட்டுட்டு வர்றோம். என்னைக் கேட்டா ரேகையை யூசர் நேமா வெச்சுக்கலாம். பாஸ்வேர்டா வெச்சதுதான் டிசைன் தப்பு.

இது ஒண்ணும் புதுசு இல்ல. 2018-ல தெலங்கானாவுல பெத்தபள்ளி மாவட்டத்துல சிம் கார்டு விக்கிற ஒருத்தர், பத்திரப்பதிவுத் துறை இணையதளத்துல இருந்து நிலப் பத்திரங்களை டவுன்லோட் பண்ணி, அதுல இருந்த ரேகைகளை ரப்பர் ஸ்டாம்ப் செய்ற மிஷின்ல அச்செடுத்தார். அதை வெச்சு ஆயிரக்கணக்கான சிம் ஆக்டிவேட் பண்ணார். எதுக்குத் தெரியுமா? விற்பனை டார்கெட் முடிக்க! 2023-ல பெங்களூருவுல இதே பாணியில பத்திரங்கள்ல இருந்து ரேகை எடுத்து ஏஇபிஎஸ் வழியா பணத்தையே எடுத்தாங்க. அப்புறம்தான் பத்திர நகல்ல ரேகையை மறைக்கிற வேலை ஆரம்பிச்சது. கர்நாடகாவோட அந்தப் பத்திரப்பதிவு தளத்துக்குப் பேரு 'காவேரி'. அங்க திறந்துவிட்டா இங்க வந்து சேர்றது தண்ணி மட்டும்தான்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அதே 2023 பிப்ரவரியில, வைக்கிறது உயிருள்ள விரலா, சிலிக்கான் அச்சான்னு கண்டுபிடிக்கிற ஒரு சோதனையையும் ஆதார் ஆணையம் கொண்டு வந்தது. எங்க அப்பாயி விஷயத்துல அதையும் தாண்டி வந்திருக்காங்க.

அப்பாயி ரேகை எங்கிருந்து போச்சுன்னு போலீசும் சொல்லல, எங்களுக்கும் புரியல. ரெண்டு வருஷம் முன்னாடி மனையை எங்க அப்பா பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாங்க, அந்தப் பத்திரத்துல கட்டைவிரல் இருக்கு. அந்தப் பத்திரம் இந்தக் கதையில இன்னொரு தடவை வரும்.

சரி, இப்ப என் பங்கு. நான் இன்ஜினியர். எனக்கு ஒரு பக் வந்தா மூட்டை கட்டி அடைக்கணும். ஆவணியில ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்து மூணு வேலை பண்ணேன். அப்பாயியோட ஆதார்ல என் மொபைல் நம்பரைச் சேர்த்தேன். அவங்க பயோமெட்ரிக்கை லாக் பண்ணேன். பேங்க் எஸ்எம்எஸ் என் போனுக்கு வர மாதிரி மாத்தினேன். பயோமெட்ரிக் லாக்னா, நாமளே ஓடிபி கொடுத்து திறக்கிற வரைக்கும் ரேகை, கண் கருவிழி எதுவும் எங்கேயும் வேலை செய்யாது. இனிமே எவன் அச்சு வெச்சாலும் விழாதுன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு சென்னை பஸ் ஏறினேன்.

அடுத்த மாசம், காலையில பத்தே கால் மணி. டீம் மீட்டிங்ல இருக்கேன். பக்கத்து வீட்டுப் பையன் போன்ல இருந்து அப்பாயி. "தம்பி, ரேஷன் கடையில நிக்கிறேன். ரேகை விழலங்கறாங்க. என்னமோ பூட்டிருக்காம்ல?"

ஆமா. நான்தான் பூட்டியிருக்கேன். எவன் வெச்சாலும் விழாதுன்னா, அப்பாயி வெச்சாலும் விழாதே! கேமராவை ஆஃப் பண்ணிட்டு ஆப்பைத் திறந்து ஓடிபி போட்டு லாக்கைத் திறந்தேன். தற்காலிகமாத் திறந்தா பத்து நிமிஷம் திறந்திருக்கும், அப்புறம் தானா மூடிக்கும். எங்க ஊர் ரேஷன் கடை வரிசைக்குப் பத்து நிமிஷம் எந்த மூலைக்கு? அவங்க முறை வர்றதுக்குள்ள மூடிக்கிச்சு. மறுபடி போன், மறுபடி ஓடிபி. அதுக்குள்ள சர்வர் வேலை செய்யல. அன்னிக்கு வெறும் பையோட வீட்டுக்குப் போனாங்க. (எழுபது தாண்டினவங்களுக்கு வீட்டுக்கே ரேஷன் கொண்டு வர்ற தாயுமானவர் திட்டம் போன ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க. எங்க அப்பாயிக்கு அப்ப ஒரு வயசு குறைஞ்சது.)

சாயங்காலம் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கோவம் எல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் கேட்டாங்க: "இனிமே அரிசி வாங்குறதுக்கு உங்கிட்ட உத்தரவு கேக்கணுமாப்பா?"

சிரிச்சு மழுப்பிட்டேன். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். உறைக்கல.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி என் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ். அப்பாயி கணக்குல இருந்து 3,000 ரூபாய் எடுக்கப்பட்டது. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. லாக்கை நான்தான் முந்தின நாள் திறந்து விட்டிருந்தேன், அது ஞாபகம் இல்ல. உடனே அப்பாவுக்கு போன் போட்டேன். "அப்பா, அப்பாயி கணக்குல மறுபடியும் மூவாயிரம் போயிருக்கு!" அப்பா வண்டியை எடுத்துக்கிட்டு கிராமத்துக்குப் போயிட்டார்.

திருடு போகல. அப்பாயியே எடுத்திருக்காங்க. எங்க அத்தைக்கு தீபாவளி சீர் கொடுக்க. நான் சொன்னேனே அந்த செட்டில்மெண்ட் பத்திரம், மனை முழுக்க அப்பா பேருக்குப் போனதுல இருந்து அப்பாவும் அத்தையும் பேசிக்கிறதில்ல. ரெண்டு வருஷமா அப்பாயி, மகனுக்குத் தெரியாம மகளுக்குத் தன்னால முடிஞ்சதைச் செஞ்சுக்கிட்டு வந்திருக்காங்க. தன் காசு. தன் மக. அன்னிக்கு அப்பா வாசல்ல நின்னு "யாருக்குக் கொடுத்த?"ன்னு கேட்டிருக்கார். அப்புறம் நடந்ததை விட்டுடுறேன், அது எங்க குடும்பத்து விஷயம். தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனப்ப அப்பாயி என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க.

"அவன் பணத்த எடுத்தான். நீ என் சுருக்குப் பையவே எடுத்துட்டியேடா."

நான் வேலையில தினமும் "அக்சஸ் கன்ட்ரோல்" பத்திப் பேசுறவன். யாருக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாது, ஒருத்தருக்கு வேலைக்குத் தேவையானதைத் தவிர கூடுதலா ஒண்ணும் தெரியக் கூடாதுன்னு ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். ஒரு திருட்டு நடந்த உடனே என் சொந்த அப்பாயியோட மொத்த வாழ்க்கைக்கும் எனக்கே அட்மின் அக்சஸ் கொடுத்துக்கிட்டேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கல. "பாதுகாப்புக்காக"ன்னு சொன்னேன், அவங்களும் நம்பினாங்க.

இதே தப்பைப் பெரிய அளவுல, நல்ல எண்ணத்தோடயே பண்றாங்க. போன டிசம்பர்ல நடந்த சஞ்சார் சாத்தி விவகாரம் ஞாபகம் இருக்கும். அது 2023 மே மாசம் வெப்சைட்டா வந்தப்ப உண்மையிலேயே நல்ல விஷயம். நம்ம பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு பார்க்கலாம், நம்மது இல்லைன்னா ரிப்போர்ட் பண்ணலாம். ஒருத்தர் பேர்ல நம்ம ஊர்ல ஒன்பது சிம் வரைக்கும் இருக்கலாம். நான் பார்த்தப்ப காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு நண்பனுக்கு வாங்கிக் கொடுத்த சிம் இன்னும் என் பேர்ல உயிரோட இருந்தது. அந்த நண்பனோட நான் பேசியே நாலு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் நல்லது. 2025 நவம்பர் 28-ந் தேதி என்ன உத்தரவு போட்டாங்கன்னா, இனி விக்கிற ஒவ்வொரு போன்லயும் இந்த ஆப் முன்கூட்டியே இருக்கணும், அதை முடக்க முடியக் கூடாது. காரணம் அதேதான், மோசடியைத் தடுக்க. எதிர்ப்பு வந்து டிசம்பர் 3-ந் தேதி வாபஸ் வாங்கிட்டாங்க. நம்மளா போய்ப் பார்க்கிற வெப்சைட்டுக்கும், நம்ம பாக்கெட்ல நம்மளைக் கேட்காம உட்கார்ந்திருக்கிற ஆப்புக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம், அப்பாயிக்கு நான் பாஸ்புக் பார்த்துச் சொல்றதுக்கும் எஸ்எம்எஸ்ஸை என் போனுக்குத் திருப்பிக்கிட்டதுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான்.

அதே தொலைத்தொடர்புத் துறைகிட்ட அஸ்திர்னு ஒரு முக அடையாள மென்பொருள் இருக்கு. ஒரே முகத்தை வெச்சு வேற வேற பேர்ல வாங்கின சிம்களைத் தேடிப் பிடிக்கும். 2023-ல தமிழ்நாட்டுல மட்டும் அப்படி 50,000-க்கும் மேற்பட்ட சிம்களைத் துண்டிச்சாங்க. திருட்டு சிம் போனது சந்தோஷம். ஆனா அந்த ஒரு திருடனைப் பிடிக்க, சிம் வாங்கின நம்ம எல்லார் முகத்தையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பார்த்தாகணும். எனக்கு இதுல ரெண்டு மனசு இருக்கு, மறைக்கல.

ரெண்டு மனசுக்குக் காரணம் இந்த ஊர். இப்ப கொள்முதல் நிலையம் எல்லாம் திறந்திருக்கு. நெல் போட வர்ற விவசாயி ஆதார், சிட்டா, அடங்கல், பாஸ்புக்னு நகல் கட்டு கொண்டு வரணும். எதுக்கு இத்தனைன்னு எரிச்சலா இருக்கும். ஆனா அதுக்கும் காரணம் இருக்கு. அவசரத்துக்குப் பணம் வேணும்னு நிக்கிற விவசாயிகிட்ட வியாபாரி கம்மி விலைக்கு நெல்லை வாங்கி, வேற விவசாயியோட சிட்டா அடங்கலைக் காட்டி அரசாங்க விலைக்கு நிலையத்துல போட்டுடுவார். அதுவும் அடையாளத் திருட்டுதான். உண்மையான விவசாயி மழையில மூட்டையோட காத்துக் கிடப்பார். அதனால ஆளை உறுதி பண்ணுங்க, கண்டிப்பாப் பண்ணுங்க. அதுக்கு நகல் எதுக்கு?

தாலுகா ஆபீஸ் பக்கம் எந்த ஜெராக்ஸ் கடையிலயாவது ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க. "அண்ணே, உங்க நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிட்டேன், ரெண்டு காப்பி." அந்த அண்ணன் நல்லவர், எனக்குச் சின்ன வயசுல இருந்து தெரியும். ஆனா அவர் வாட்ஸ்அப்ல பாதி ஊரோட ஆதார் இருக்கு, பான் கார்டு இருக்கு, பாஸ்புக் முதல் பக்கம் இருக்கு. அவர் போன் தொலைஞ்சா? சரியா விழாத காப்பியைக் கசக்கி ஓரத்துல போடுறாரு. சாயங்காலம் அது எந்த பஜ்ஜிக் கடைக்குப் போகுதுன்னு யாருக்குத் தெரியும்.

கடைக்காரரை விடுங்க. 2021-ல தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் கிட்டத்தட்ட 49 லட்சம் பேரோட ஆதார் எண்ணும் மத்த விவரங்களும் ஹேக்கர்கள் புழங்குற ஒரு தளத்துல கிடக்குதுன்னு ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொல்லி, செய்தி ஆச்சு. ஒரு இடத்துல குவிச்சு வெச்சா, குவிச்ச இடம் தேடி ஆள் வருவான். களத்துல நெல்லைக் குவிச்சா எலி வராதா?

நானும் யோக்கியன் இல்ல. முதல்ல வேலை பார்த்த ஸ்டார்ட்அப்ல வாடிக்கையாளர் கேஒய்சி பகுதியை எழுதினது நான்தான். ஆளைச் சரிபார்த்த உடனே ஆதார் போட்டோவை அழிச்சிருக்கலாம். "பின்னாடி தேவைப்பட்டா?"ன்னு மேனேஜர் கேட்டார், நானும் ஆமான்னு வெச்சுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு நான் வேலையை விட்டப்பவும் அது அங்கதான் இருந்தது. ஒரு தடவைகூடத் தேவைப்படல.

பாருங்க, சரிபார்க்கிறது வேற, சேர்த்து வைக்கிறது வேற. ஜெராக்ஸ் காப்பி எதையுமே சரிபார்க்கிறதில்ல. போட்டோஷாப் தெரிஞ்ச ஒன்பதாங்கிளாஸ் பையன் பத்து நிமிஷத்துல எந்தப் பேரை வேணும்னாலும் போட்டுக் கொடுப்பான். ஆனா ஆதார் அட்டையில இருக்கிற க்யூஆர் கோடுல ஆணையத்தோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. அதை ஆதார் ஆப்ல ஸ்கேன் பண்ணா உண்மையா பொய்யான்னு அந்த இடத்துலயே தெரிஞ்சுடும். பார்த்தோமா, சரின்னு சொன்னோமா, விட்டோமான்னு போயிடலாம். எதையும் எடுத்து வைக்க வேணாம். திருட்டும் தடைபடும், விவரமும் நம்ம கையிலேயே இருக்கும். ரெண்டுல ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணும்னு நமக்குச் சொல்றது பல நேரம் சோம்பேறித்தனம்.

கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரை டவுன்லோட் பண்ணிக்கலாம், பல இடத்துல அது போதும். அப்புறம் 2018-ல வந்த விர்ச்சுவல் ஐடி. இதை விளக்க எங்க ஊரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. சீர்காழிக்குப் பன்னிரண்டு பேர் உண்டு. பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். ஊர் ஒண்ணுதான், ஒவ்வொரு கதைக்கும் ஒரு பேர். விர்ச்சுவல் ஐடியும் அந்த மாதிரி 16 இலக்கத்துல உங்களுக்கு இன்னொரு பேர். அதை வெச்சு உங்க அசல் ஆதார் நம்பரைக் கண்டுபிடிக்க முடியாது, புதுசு எடுத்தா பழசு செல்லாது. ஒரே வித்தியாசம், எங்க ஊருக்குப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்துல செல்லும், இங்க ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான்.

இவ்வளவு நல்ல வசதி இருந்தும் ஏன் யாரும் கேட்கிறதில்ல? 2022 மே 27-ந் தேதி ஆதார் ஆணையத்தோட பெங்களூரு அலுவலகம் "ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீங்க, மாஸ்க்டு ஆதார் கொடுங்க"ன்னு ஒரு எச்சரிக்கை விட்டது. ஓட்டல், சினிமா தியேட்டர் எல்லாம் நகல் வாங்கி வைக்கக் கூடாதுன்னும் அதுல இருந்தது. தப்பாப் புரிஞ்சுக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லி ரெண்டே நாள்ல மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிடுச்சு. வழக்கமான கவனத்தோட இருந்தாப் போதுமாம். நாலு வருஷம் ஆகப் போகுது, லாட்ஜ்ல இன்னும் நகல் கேட்கிறாங்க. 2025 நவம்பர்ல வந்த புது ஆதார் ஆப்ல எந்த விவரத்தைக் காட்டணும்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். ரிசப்ஷன்ல இருக்கிறவருக்கு அது தெரியணுமே!

சட்டம் நம்ம பக்கம் இல்லாம இல்ல. கே. எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வு பெற்ற நீதிபதி, எண்பது வயசு தாண்டி 2012-ல ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அதுலதான் 2017 ஆகஸ்ட் 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒரே குரல்ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் செப்டம்பர்ல ஆதார் செல்லும், ஆனா தனியார் நிறுவனங்கள் கட்டாயமாக் கேட்க வழி செஞ்ச பிரிவு செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்தது. விதிகள் 2025 நவம்பர்ல, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதுல இருந்து பதினெட்டு மாசம். சட்டம் மெதுவா வரட்டும். எங்க வீட்டுல அது வரைக்கும் காத்திருக்க முடியல.

கார்த்திகையில பணம் திரும்ப வந்த அன்னிக்கு, அப்பாயி பக்கத்துல உட்கார்ந்து முதல் தடவையா அவங்களையே கேட்டேன். "உனக்கு எப்படி வேணும்?" அவங்க யோசிச்சு மூணு விஷயம் சொன்னாங்க. ரேஷனுக்கு யாரையும் கேட்கக் கூடாது. பெரிய பணம் பத்திரமா இருக்கணும். "என் கணக்க நீயும் பாக்கக் கூடாது, உங்கப்பனும் பாக்கக் கூடாது."

இதைவிடத் தெளிவா ஒரு கிளையண்ட் எனக்கு ரிக்வயர்மெண்ட் கொடுத்ததில்ல.

பட்டன் போன் ஒண்ணு, அவங்க பேர்லயே ஒரு சிம். ஆதார்லயும் பேங்க்லயும் என் நம்பரை எடுத்துட்டு அவங்க நம்பர். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது, ஆனா எண் தெரியும். எஸ்எம்எஸ்ல எவ்வளவு போச்சுன்னு அவங்களே பார்த்துக்கலாம். பெரிய பணத்தைத் தனியா ஒரு சேமிப்புக் கணக்குக்கு மாத்தினோம், அதுல ஏஇபிஎஸ் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தோம். பல பேங்க் எழுதிக் கொடுத்தா நிறுத்துறாங்க, கேட்கணும். உதவித்தொகை வர்ற கணக்குல மினி ஏடிஎம்முக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் மட்டும். பயோமெட்ரிக் லாக்கை எடுத்துட்டோம்.

ஆமா, எடுத்துட்டோம். எனக்கு அது இன்னும் உறுத்துது. மறுபடி ஒருத்தன் அச்சு வெச்சா அந்த ரெண்டாயிரம் போகும். போகட்டும்னு அப்பாயி முடிவு பண்ணியிருக்காங்க. ஒவ்வொரு மாசமும் அரிசிக்காக வரிசையில நின்னு பேரனுக்கு போன் போடுறதைவிட அது பரவாயில்லைங்கிறது அவங்க கணக்கு. செக்யூரிட்டி ஆடிட்ல இதை நான் எழுதிக் கொடுத்தா என் மேனேஜர் திருப்பி அனுப்புவார்.

இந்த வாரம் ஊருக்கு வந்திருக்கிறவங்க, வீட்டுல பெரியவங்க பேங்க் கணக்குல எந்த மொபைல் நம்பர் இருக்குன்னு மட்டும் பாருங்க. இறந்தவங்க நம்பரா இருந்தா மாத்துங்க. அவங்களுக்குன்னு ஒரு நம்பரா மாத்துங்க, உங்க நம்பரை வைக்காதீங்க. பணம் போனது தெரிஞ்சா அடுத்த நிமிஷமே 1930.

இப்ப அப்பாயி பொங்கலுக்கு இங்க நம்ம வீட்டுலதான் இருக்காங்க. ரெக்கார்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கீழ காபி குடிச்சிட்டு இருந்தோம், அப்பாவும் இருந்தார். அவங்க போன் 'டிங்'னு அடிச்சது. எடுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, சுருக்குப் பையில போட்டு நாடாவை இழுத்துக் கட்டினாங்க. அப்பா என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

அடுத்த எபிசோடுல லோன் ஆப்கள் நம்ம கான்டாக்ட் லிஸ்டை எதுக்குக் கேட்குதுன்னு பேசலாம். உங்க வீட்டுக் கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர் சொல்ல வேணாம்னா சொல்ல வேணாம். வரட்டுமா மக்களே.